கண்ணாடிப் பெட்டியும் கைராசியும்

என் மாமியாருக்குப் பேய் பிசாசைவிடத் தூசிமேல்தான் பயம் அதிகம். மலைப்பாதை தொடங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. மலையேறும் வண்டிகள் கிளப்புகிற புழுதியெல்லாம் தன் கூடத்தைக் குறிவைத்தே வருவதாக நம்பினார். அதனால், என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த டீவியையும் ஹோம் தியேட்டரையும் வைப்பதற்கென்று ஆசாரியை வரவழைத்து ஒரு பெட்டி அடித்தார். பின்னால் பலகை, மேலே பலகை, முன்னால் கண்ணாடிக் கதவு. செட்டாப் பாக்ஸுக்குப் பூப்போட்ட துணி உறை வேறு. டீவி ஓடும்போதும் கதவைத் திறக்கக் கூடாது. கண்ணாடி வழியாகத்தான் சீரியல் பார்த்தோம்.

சேலத்து வெயிலில் கூடத்தில் இருந்த மனிதர்களே வெந்துகொண்டிருந்தோம். ஒருநாள் துடைக்கிற சாக்கில் கதவைத் திறந்து ஹோம் தியேட்டர்மேல் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

“அத்தை, உள்ள ரொம்பச் சுடுதுங்க. காத்துப் போக வழியே இல்லீங்க. கதவையாச்சும் தொறந்து வெக்கலாமுங்க.”

“தொறந்து வெச்சா பல்லி உள்ள போய்க் குடித்தனம் பண்ணும். நல்ல பொருளா இருந்தா இதெல்லாம் தாங்கும்.”

தாங்கவில்லை. முதலில் செட்டாப் பாக்ஸ் அடிக்கடி நின்றது. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டால் திரும்ப ஓடும். பிறகு ஹோம் தியேட்டர் பாதிப் பாட்டில் தானாக அணையத் தொடங்கியது. கடைசியில் டீவி. சத்தம் வந்தது, படம் வரவில்லை. யாரோ ஒருத்தி இருட்டுக்குள் அழுதுகொண்டிருக்க, மாமியார் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“உங்கப்பாருக்குக் கைராசி இல்லை.”

அன்றிலிருந்து மிக்ஸி நின்றாலும், கறிவேப்பிலைச் செடி வாடினாலும் என் அப்பாவின் கைதான் காரணம். அந்த மிக்ஸி மாமியாரின் சொந்தத் தம்பி கொடுத்தது. அதை எடுத்துச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறேன் என்று பேர். என் கணவர் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவர் போல உட்கார்ந்திருப்பார்.

அப்பா பரமத்தி வேலூரில் வாழை போடுகிறவர். இந்தப் பேச்சு அவர் காதுக்குப் போகாமல் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கோயிலில் நடந்த மகளின் காதுகுத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, தாய்மாமன் மடிக்குப் பதிலாக அப்பா மடியில் உட்காரவைப்பது என்று பேசியிருந்தோம். புது வேட்டி கட்டி, மணையில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கிவிட்டார். காது குத்துகிற நகை ஆசாரி ஊசியை எடுக்கும்போது மாமியார் வந்து நின்றார்.

“தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. நீங்க குடுத்த சாமான் ஒண்ணுகூட எங்கூட்ல நெலைக்கலீங்க. புள்ளைக்கு நல்லது பண்றப்பக் கைராசி பாக்கோணுமில்லீங்களா?”

கோயில் கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் கேட்டார்கள். அப்பா சிரித்தார். “அதுக்கென்னங்க, புள்ளைக்கு எது நல்லதோ அதைப் பண்ணுங்க” என்று குழந்தையைத் தூக்கிப் பக்கத்திலிருந்தவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். என் மாமியாரை அன்று வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன், அதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

அதன்பிறகு அப்பா பேத்தியைத் தொடுவதில்லை. நான் ஊருக்குப் போனால் தள்ளி உட்கார்ந்து கொஞ்சுவார். அவள் தாவி வந்தால், “கையெல்லாம் வாழைக்கறை சாமி” என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். குளித்து முடித்து வந்த கையிலும் அந்தக் கறை இருந்தது.

என் கணவர் புது டீவி வாங்கினார், முன்னதைவிடப் பெரியது. அதே பெட்டியை இழைத்துச் சரிசெய்து உள்ளே திணித்தார்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. வேகட்டும் என்று விட்டேன். அடுத்த கோடை முடிவதற்குள் படம் மங்கி, ஓரம் கறுத்து, பொட்டென்று போயிற்று. மாமியார் சற்றும் யோசிக்கவில்லை. “இந்த மலையடிவாரத்துக் கரண்டே சரியில்லை” என்றார். மகன் வாங்கினால் கரண்டு, சம்பந்தி கொடுத்தால் கைராசி. நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அந்த வாரமே மகளைத் தூக்கிக்கொண்டு பரமத்தி வேலூருக்குப் பஸ் ஏறினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

“அப்பா, அவங்க வாங்குன டீவியும் போச்சு! உங்க கையில ஒண்ணுமில்லீங்கப்பா. எல்லாம் அந்தப் பெட்டிச் சூடு. காத்தே போகாம வெந்து போச்சு.”

அப்பா முகம் மலரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

“எங்க வெச்சிருந்தாங்க அம்மிணி?”

“அதே பெட்டிலதானுங்கப்பா.”

“நான் குடுத்தது இருந்த எடத்துலயேவா?”

“ஆமாங்கப்பா. அதைத்தான் நானும் சொல்றேன்.”

“அப்ப என்னோட ராசி அந்த எடத்துலயும் ஒட்டிக்கிச்சு சாமி. பாவம், மாப்பிள்ளை காசும் வீணாப் போச்சு” என்றார்.

காற்று, சூடு, கண்ணாடிக் கதவு என்று என்னென்னவோ சொன்னேன். கத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மகள் என் இடுப்பிலிருந்து இறங்கி, தூக்கச் சொல்லி அவர் காலடியில் போய் இரண்டு கையையும் நீட்டினாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்து, “புள்ளையத் தூக்கு அம்மிணி, வெயில்ல நிக்குது” என்று என்னிடம் சொல்லிவிட்டு, வாழைக்குத் தண்ணீர் கட்டப் போனார்.