பிள்ளையாருக்கு அரைத்த மிளகாய்

கூடலூர்ப் பக்கம் கடைமடையில ஒரு துண்டு வயல் வச்சிருந்தா இருளம்மாள். ரெண்டாம் யுத்தம் தொடங்குறதுக்கு முந்தின வருசம் நடந்தது இது. அவ கோவக்காரி. உலை கொதிக்கத் தாமசமானா அடுப்பையே வையுற ஆளு. புருசன் ஒச்சாண்டி ஏலக்காய் மலைக்குக் கூலிக்குப் போனவன், காய்ச்சல் கண்டு பொணமாத்தான் கீழ எறங்கினான். அன்னைக்கே தலையில அடிச்சுச் சொல்லிட்டா: "மண்ணைத் தின்னாவது இந்த வயல்ல கெடப்பேன். அந்த மலையில இனி கால் வைக்க மாட்டேன்."

மண்ணைத் திங்கிற நெலமைதான் வந்துச்சு. மழை பொய்ச்சுப் போச்சு. பெரியாத்துத் தண்ணி வாய்க்கால்ல வந்தாலும் தலைமடையத் தாண்டலை. நட்ட பயிரு நுனி கருகி நிக்குது. இதுவும் போச்சுன்னா அவளுக்கு மலையத் தவிர வேற போக்கிடம் கெடையாது.

அந்த ஊர்ல மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு கை மிளகாய் வத்தல் வாங்கி, மையா அரைச்சு, பிள்ளையாருக்கு உச்சந்தலையில இருந்து தொந்தி வரைக்கும் அப்பிவிட்டுருவாக. எரிச்சல் தாங்காம அவரே மழையக் கொண்டாந்து கழுவிக்கிடணும். சாமியாச்சே, பாவமேங்குற பேச்செல்லாம் இல்லை. கொழுக்கட்டை தின்னவருதான, வேலையப் பாக்கட்டும்பாக.

இந்த வருசம் பூசிருவோம்னு முதல்ல வாயத் தெறந்தவரு கருத்தக்கண்ணன். கோயில் பொறுப்பும் அவரு கையில, தலைமடையும் அவரு கையில. வயிறு வேட்டிக்கு மேல ஒரு சாண் முன்னால நிக்கும். பிள்ளையார் அம்சம்னு ஊரே கையெடுத்துக் கும்பிடும். தூ! அந்த வயித்துக்குள்ள என்ன கெடந்துச்சுன்னு அப்ப யாருக்குத் தெரியும்?

யாரு பயிரு ரொம்பக் காஞ்சிருக்கோ அந்தப் பொம்பளதான் அரைக்கணும்ங்குறது மொறை. இருளம்மாள் அம்மியில உக்காந்தா. கண்ணுல தண்ணி, வாயில வசவு. அப்ப மாதா கோயில்தெரு வியாகுலமேரி ஒரு கை வத்தலோட வந்தா.

"ஏன்டி, வேதக்காரி நீ எதுக்குடி கொண்டாந்த?"

"எங்க சாமி விலா எலும்பு தெரியத் தொங்குறாரு, அவருகிட்ட என்னத்தக் கேக்க? அதான் தின்னு கொழுத்த சாமிக்கு எம் பங்கு." சொல்லிட்டு முந்தானையால முழங்கைச் சேத்தத் தொடச்சா. "குறுக்கு வழியா வந்தேன்க்கா. கருத்தக்கண்ணன் வாழைக்குள்ள கணுக்கால் முட்டத் தண்ணி நிக்குது. வழுக்கி விட்டுருச்சு."

குழவி நின்னு போச்சு. மிளகாய்ச் சட்டியத் தூக்கிக்கிட்டு இருளம்மாள் விறுவிறுன்னு கோயிலுக்கு நடந்தா.

அங்கன ஊரே கூடியிருக்கு. பிள்ளையாரு பக்கத்துல கருத்தக்கண்ணன், வயித்துல சந்தனத்தப் பூசிக்கிட்டு.

"வாத்தா இருளு, கொண்டா. குண்டனுக்குக் கண்ணு எரிஞ்சாத்தான் நமக்கு விடிவு."

"மாமா, ஒங்க வாழையில தண்ணி நிக்குதாமே?"

"அது... அது ஊத்துத் தண்ணி, ஆத்தா."

"ஊத்தா? எம் பயிரு பொசுங்குறப்ப ஒனக்கு மட்டும் ஊத்தாடா? சாமி தொந்தியில உலகம் இருக்குங்குறாக. ஒந் தொந்தியில இருக்குறது எங்க கடைமடைத் தண்ணிடா, எடுபட்ட பயலே!"

ரெண்டு கையாலயும் அள்ளுனா. அந்த மூஞ்சியில, நெஞ்சுல, சந்தனம் பூசுன வயித்துல அப்புனா பாருங்க! எம்மாடி, அவன் போட்ட கூச்சல்ல கூரையில இருந்த காக்கா அம்புட்டும் பறந்துருச்சு. குதிச்சான், உருண்டான், அப்பறம் குருட்டுத்தனமா ஓட ஆரம்பிச்சான். என்ன ஆகுமோன்னு ஊரும் பின்னாலயே ஓடுச்சு. ஊர்க் கெணறு வத்திக் கெடக்கு, ஊருணி பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அவன் ரெண்டுலயும் நிக்கலை. நேரா வாழைத் தோப்புக்குள்ள பாஞ்சு, தண்ணியில எருமை மாதிரி பொரண்டான்.

ஊரு வரப்பு மேல நின்னு பாத்துச்சு. வாய்க்கால மறிச்சு மண்ணும் மட்டையும் போட்டு அடைச்சிருந்ததையும் பாத்துச்சு. கூட்டத்துல நின்ன சுருளியாண்டி போயி மம்பட்டிய எடுத்தான். ரெண்டே வெட்டுல தண்ணி கெழக்கால கடைமடையப் பாத்துப் பாஞ்சு ஓடுச்சு.

அப்பயும் இருளம்மாளுக்கு ஆத்திரம் அடங்கலை. ஊரப் பாத்துத் திரும்பிக்கிட்டா: "கூறுகெட்ட சனமே! தண்ணியக் கட்டிவச்சவன் இங்கன கெடக்கான். இம்புட்டு வருசமும் ஒரு குத்தமும் செய்யாத சாமியவாடா எரியவிட்டோம்?"

அவ பயிரு பொழச்சுச்சு, மலைக்கும் போகலை. அடுத்த கோடையில தண்ணி தட்டுப்பாடானப்ப பிள்ளையாரத் தேடி ஒருத்தரும் போகலை. பொம்பளைக அம்மியத் தூக்கிட்டுப் போயி, கருத்தக்கண்ணன் வாசல்ல போட்டு, சாவகாசமா வத்தலுக்குக் காம்பு கிள்ள ஆரம்பிச்சாக. அரைக்கிறதுக்கு முந்தியே வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு.