பின்னிருக்கையில் இருந்தவர்

இன்று செப்டம்பர் பதினான்காம் நாள். எனக்கு எழுபத்தொன்பது வயதும் ஐந்து மாதமும் நிறைந்திருக்கின்றன. ரெபேக்காள் என்னைவிட நான்கு வயது இளையவர். வரிசைப்படி பார்த்தால் அவர்தான் என்னைப் பற்றி இப்படியொரு கட்டுரை எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் இன்னும் சுருக்கமாக முடித்திருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக்குப் பால் அடுப்பில் இருந்தபோது, அவருடைய தம்பி மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், அத்த இன்னும் எழுந்திரிக்கல."

"டாக்டரைக் கூப்பிட்டாயா?"

"ஆயருக்குச் சொல்லிட்டோங்க மேடம்."

மருத்துவருக்கு முன்னால் ஆயருக்குச் செய்தி போனால் அதன் பொருள் எனக்குத் தெரியும். பாலை இறக்கி வைத்தேன். அன்று காப்பி குடிக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். குடித்தேன்.

சபையின் மாத இதழுக்கு அவரைப் பற்றி எழுதும்படி ஆயர் கேட்டுக்கொண்டார். ஒரு வரியையும் வெட்டுவதில்லை என்றால் எழுதுகிறேன் என்றேன். பாவம், ஒப்புக்கொண்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெபேக்காள் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டும் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். செவிலியர் படிப்பை முடித்து, கல்வராயன் மலை ஊர்களில் பிரசவம் பார்த்தே தம் பணிக்காலத்தைக் கழித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கேட்டு வந்தவங்கல்லாம் என் சம்பளத்ததான் கேட்டாங்க" என்பார்.

எங்கள் முதல் சந்திப்பே சச்சரவில் முடிந்தது. அப்போது நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரி மாணவர்களுக்குத் தாவரவியலும், ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு வேதபாடமும் கற்பித்து வந்தேன். கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார், கதவைச் சாத்தினாலும் பார்க்கிறார் என்று சொல்லிக்கொடுத்தேன். தேர்வறையில் மேற்பார்வை பார்த்துப் பழகியவளுக்கு வேறு எப்படிப்பட்ட கடவுள் தோன்றுவார்? வகுப்பு முடிந்து வெளியே வந்தால் வாசலில் ரெபேக்காள் நின்றிருந்தார்.

"இன்னா மேடம், ஆண்டவர போலீஸ் ஸ்டேசன்ல உக்கார வெச்சிட்டீங்க? கக்கூஸ் போறதுக்கே பயப்படுதுங்க புள்ளைங்க."

"பயம் இருந்தால்தான் ஒழுக்கம் வரும்."

"பயம் இருந்தா பொய்தான் வரும். பிரசவத்துக்கு வர்றவங்ககிட்ட தெனம் பாக்கறேனே."

கொஞ்ச காலம் அவரைக் கண்டால் வேறு வாசல் வழியாகப் போனேன். பிறகு, அவரைத் தவிரப் பேசத் தகுந்தவர் சபையில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தது.

என் கணவர் கால்நடை மருத்துவர். ஒரு மழைநாளில், மலையில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வெள்ளிமலையிலிருந்து வாடகை ஜீப்பில் இறங்கினார். அதே ஜீப்பில் பின்னால் ரெபேக்காளும் இருந்தார். வளைவுகளில் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் பக்கத்தில் இருந்த என் கணவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, "முன்னால வாங்க சிஸ்டர், இங்க குலுக்கல் அவ்வளவு தெரியாது" என்று தம் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். சற்று தூரத்தில் வண்டி சறுக்கி, பின்பக்கம் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. பின்னிருக்கையில் அவரோடு புளி மூட்டைகள் மட்டுமே இருந்தன. ரெபேக்காளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. என் கணவர் அங்கேயே இறந்துபோனார்.

நம் சபையில், ஆபத்துக்குத் தப்பியவர் எழுந்து சாட்சி சொல்வதும், சபை ஸ்தோத்திரம் சொல்வதும் வழக்கம். தோளில் கட்டோடு ரெபேக்காள் ஆலயத்துக்கு வந்த முதல் ஞாயிறு, அப்போதிருந்த ஆயர் பிரசங்கத்திலேயே பாதிச் சாட்சியைத் தாமே சொல்லிவிட்டார். கர்த்தர் கடைசி நிமிடத்தில் இடம் மாற்றி உட்கார வைத்துத் தம் மகளைக் காப்பாற்றினாராம். மீதியைச் சொல்ல ரெபேக்காளை அழைத்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். ரெபேக்காள் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார்.

"எடம் மாத்தி உக்கார வெச்சது கர்த்தர்னா, டாக்டர் சார அங்க உக்கார வெச்சது ஆருங்க ஐயா?"

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மாதர் சங்கத்துக்கு அடுத்த முறை ஆள் தெரிந்தெடுத்தபோது அவர் பெயரை ஒருவரும் முன்மொழியவில்லை. நன்றி கெட்டவர் என்றார்கள். பிசாசு கேட்க வைத்த கேள்வி என்றார்கள். அவர் உட்காரும் பெஞ்சு மெல்ல மெல்லக் காலியானது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இல்லாதவர்கள் உங்கள் தாய்மாரைக் கேளுங்கள்.

நானோ ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மேற்பார்வையாளர் அந்த மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், அசையவில்லை. ஆயருடைய கடவுளோ அசைந்தார், ஆனால் ஆள் பார்த்து இடம் ஒதுக்கினார். இருவரும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

ஒருநாள் ரெபேக்காள் என் வீட்டுக்கு வந்தார். குத்த வேண்டும் என்றேதான் கேட்டேன்:

"உங்கள் கடவுள் அப்போது எங்கே இருந்தாராம்?"

"பின்னாலதான். சார் பக்கத்துல."

"கடவுளுக்கு எலும்பு எதுவும் முறிந்ததாகத் தெரியவில்லையே."

"உங்களுக்கு எப்டி தெரியும்?"

எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். பிறகு அவரே தொடர்ந்தார்: "சார் எழுந்து எடம் குடுத்தாருல்ல மேடம், அந்த மாதிரி ஒருத்தர்தான் ஆண்டவர்னு நெனச்சிகினு இருக்கேன். அத வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

புறப்படும்போது, "ஞாயித்துக்கெழம வாங்க" என்றார்.

"எதற்கு?"

"பெஞ்சில எனக்குப் பக்கத்துல ஆளே இல்ல. ஃபேன் காத்து மொத்தமும் எனக்கே அடிச்சி சளி புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது."

போனேன்.

ஒருவர் எப்படிப்பட்ட கடவுளை மனத்தில் வைத்திருக்கிறாரோ, அந்தக் கடவுளின் முகமே நாளடைவில் அவருக்கும் வந்துவிடுகிறது. ஆள் பொறுக்கும் கடவுளைக் கும்பிட்ட நாமும் ஆள் பொறுக்கினோம். ரெபேக்காள், குழந்தை இறந்து பிறந்த வீடுகளுக்குப் போனால் 'தேவ சித்தம்' என்று ஒருமுறையும் சொன்னதில்லை. அந்தத் தாயின் பாயில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஆறுதலாக நாலு வசனம் சொல்லக்கூடாதா என்று பின்னால் வந்த ஓர் ஆயர் கேட்டதற்கு, "அதான் பக்கத்துல உக்காந்துகினு இருக்கேனே" என்றார்.

வியாழக்கிழமை அவரைக் கச்சிராயபாளையம் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். சாலையில் கரும்பு லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு போனதால் ஜெபத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை. இப்போதைய ஆயர் நல்ல பிள்ளை. கணவரை இழந்தும் விசுவாசத்தில் அசையாமல் நின்ற அம்மா என்று என்னை எல்லாரிடமும் காட்டி, முதல் பிடி மண்ணை என்னையே போடச் சொன்னார். திருத்தம் சொல்ல அது இடமல்ல. இது இடம்.

ரெபேக்காளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த இத்தனை ஆண்டுகளிலும் நான் ஒருமுறைகூட ஜெபித்ததில்லை. எல்லாரும் தலை குனிந்தபோது குனிந்தேன்; பாடியபோது பாடினேன்; நம்பிக்கை வரவில்லை. அந்த பெஞ்சில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார் என்பதற்காக வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இனி அப்படித் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால் உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன். அவர் என்னைத் திருத்த முயன்றதில்லை. ஒரே ஒருமுறை, ஆராதனை தொடங்குவதற்கு முன், மெதுவாகக் கேட்டார்:

"இன்னும் ஒன்னும் வரலையா மேடம்?"

"இல்லை."

"சரி, இப்டி தள்ளி உக்காருங்க. அங்க வெயில் அடிக்குது."

சொல்லிவிட்டு எழுந்து, என்னை உள்ளே தள்ளி, அவர் வெயில் பக்கம் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அதுதான் அவர் இடம்.

போய் வாருங்கள், ரெபேக்காள். வருகிற ஞாயிறு வெயில் பக்கம் நான் உட்காருகிறேன். பக்கத்தில் நிழலில் இடம் காலியாக இருக்கும்.