முதலில் இறங்கியது யார்?

1. மைக்செட் ராஜதந்திரம்

"அண்ணே, ஒலகத்துச் சண்டையெல்லாம் பேசி முடிச்சீகளாம்ல? எங்க வாய்க்காச் சண்டையையும் முடிச்சு வைங்க. எம் பயிரு இன்னும் நாலு நாளுதேன் தாங்கும்."

ரிட்டயர்மென்டுக்குப் பிறகு நான் சுருளிப்பட்டியில் வந்து குடியேறிய ஆறாவது மாதம், பேச்சியம்மாள் இப்படிக் கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கீழ்மடையில் ஒன்றரை ஏக்கர் குத்தகை நெல் அவருடையது. கதிர் பால் பிடிக்கும் நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். அந்த வருஷத்துக்கு அவருக்கு வேறு கதியில்லை.

வெளியுறவுத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலை. இப்போது சேர்ந்திருக்கும் இளைய அதிகாரிகளுக்காக இதை எழுதுவதால், என் பெருமையை முதலில் சொல்லிவிட்டேன். அது மண்ணைக் கவ்விய கதை இனிமேல்தான்.

சண்டை இதுதான். வாய்க்காலில் தண்ணீர் குறைவு. பத்து நாள் கொண்டது ஒரு முறை. அதில் மேல்மடைக்காரர்கள் தங்களுக்கு ஆறு நாள் வேண்டும் என்றார்கள். கீழ்மடைக்காரர்களும் ஆறு நாள் கேட்டார்கள். பேச்சு முற்றியதும் மேல்மடை ஆட்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பதிலுக்குக் கீழ்மடை ஆட்கள், அவர்களுடைய டிராக்டர் போகும் பாதையில் பாறாங்கல்லை உருட்டிவிட்டார்கள். நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பொருளாதாரத் தடை என்று சொல்வது இதைத்தான்.

ஆளுக்கு ஐந்து நாள் என்பதுதான் முடிவு என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். மேசைகளை 'ப' வடிவில் போட்டு, பெயர் எழுதிய அட்டை வைத்து, அஜெண்டாவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் வெளிப்படையாக நடக்கட்டும் என்று மைக்செட் வேறு. அஜெண்டாவில் முதல் ஐட்டம், ஓப்பனிங் பொசிஷன்.

மேல்மடைத் தலைவர் பரமசிவம் மைக்கைப் பிடித்தார். "ஆறு நாளு. ஒரு மணி நேரம் கொறைஞ்சாலும் நாங்க ஆம்பளைக இல்ல."

அவருக்குப் பின்னால் நின்ற கூட்டம் விசிலடித்தது. கீழ்மடைத் தலைவர் தவமணி எழுந்து அதையே சொன்னார், கொஞ்சம் சத்தமாக. இந்தப் பக்கக் கூட்டமும் விசிலடித்தது. நான் மினிட்ஸ் எழுதினேன்.

இப்படியே இரண்டு நாள் ஓடியது. நான் கூட்டறிக்கைக்கு மூன்று டிராஃப்ட் போட்டு, மூன்றையும் கிழித்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பேச்சியம்மாள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏண்ணே, இத்தன பேரக் கூட்டி வச்சு மைக்கக் குடுத்தா, அவுக வேற என்னதேன் பேசுவாக?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"மொதல்ல அத அமத்துங்க. நான் ராவுத்தரக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. துண்டுக்கு அடியில்

காசிம் ராவுத்தர் உத்தமபாளையத்து மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போது தரகர்கள் வாயைத் திறந்து தொகை சொல்வதில்லை. கையின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, எதிராளியின் விரலைப் பிடித்து அழுத்துவார்கள். எத்தனை விரலோ அதுதான் கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் வந்தவர், பெயர் அட்டைகளை ஒரு பார்வை பார்த்தார். "இது என்ன, பந்தியா?" என்றார். பிறகு கூட்டத்தை மண்டபத்துக்கு வெளியே அனுப்பினார். என்னையும் ஜன்னலோரமாகத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நான்தானே பேச்சுவார்த்தையை நடத்துறது?" என்றேன்.

"நடத்துங்கய்யா. அங்கன நின்னு நடத்துங்க."

முதலில் பரமசிவத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "கையக் குடு மாப்ள." துண்டு விழுந்தது. பரமசிவம் விட்டத்தைப் பார்த்தபடி, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கும்படி, "ஆறுதேன், கொறைக்க மாட்டேன்" என்று கத்தினார். துண்டுக்கு அடியில் விரல்கள் வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தன. அடுத்து மண்டபத்தின் மறுகோடியில் தவமணி. அங்கேயும் வாய் ஆறு என்றது. ராவுத்தர் இப்படி நாலு நடை நடந்தார். ஷட்டில் டிப்ளமசி என்று நான் பயிற்சி வகுப்பில் மூன்று வாரம் நடத்திய பாடம், இங்கே ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது.

ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆளுக்கு அஞ்சு. மேல்மடைக்காரவுக பாய்ச்சி முடிச்சாச்சு, அதனால மொத அஞ்சு கீழ்மடைக்கு."

தலைவர்கள் இருவரும் ஜெயித்த முகத்தோடு வெளியே போனார்கள். எதிராளிதான் முதலில் இறங்கி வந்தான் என்று அவரவர் கூட்டத்தில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் விசில். ஷட்டரும் ஏறியது, கல்லும் நகர்ந்தது.

மறுநாள் நான் போனபோது பேச்சியம்மாள் வயலுக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. நான் வரப்பில் ஏறி நின்று பார்த்தேன். அவர் மண்வெட்டியோடு நிமிர்ந்து, "காலத் தூக்குங்கண்ணே, வரப்பு ஒடையுது" என்றார்.

3. தெரிஞ்சா என்ன செய்வீக?

ராவுத்தரை டீக்கடையில் பிடித்தேன். "முதல்ல ஐந்துக்கு இறங்கினது யாரு? எனக்கு மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சா என்ன செய்வீக?"

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஆனால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், ஒரு தடவை செய்திருக்கிறேன். ஒரு நாட்டில் அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் நடந்த விருந்தில், முதலில் வளைந்து கொடுத்தது யார் என்று ஒரு நிருபரிடம் விளையாட்டாகச் சொன்னேன். என் சாமர்த்தியம் தெரிய வேண்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. மறுநாள் பேப்பரில் வந்தது. வளைந்து கொடுத்தவரை அவருடைய ஆட்களே விரட்டிவிட்டார்கள். மூன்றாவது வாரம் மறுபடியும் துப்பாக்கிச் சத்தம். எந்தக் கோப்பிலும் என் பெயர் இல்லை. அதற்காக நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வெளியுறவுக் கொள்கை என்பதில் பாதி, நம் வீட்டில் நம்மைப் பற்றி என்ன பேசுவார்கள் என்ற பயம்தான். இறங்கி வருகிறவன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக வழி இருந்தால் இறங்குவான். அந்த வழியை மறைத்து நிற்காமலிருப்பதுதான் நம் வேலை.

போன வாரம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் மேல்மடை இளவட்டங்கள் நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், நீங்க உள்ளதானே இருந்தீக, மொதல்ல எறங்குனது யாரு?"

"தெரியாதுப்பா."

"பாத்தியாடா, அழுத்தமான ஆளு" என்றான் ஒருவன், மரியாதையோடு.

முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் போட்டவன், கடைசி வரை வெளியே விடாமல் காப்பாற்றிய ஒரே ரகசியம் இதுதான். என்னிடம் யாரும் சொல்லாததால் காப்பாற்ற முடிந்தது.