சாமியார் பீருக்கு மார்க் போட்ட சாயங்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, பையிலிருந்து ஒரு கறுப்புப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கழுத்தில் கார்க், கார்க்கைச் சுற்றிக் கம்பி. "மாமா, இது பெல்ஜியம் ஸ்டைல் ஏல்ங்க. பீர் சாதிதான், ஆனா ரொம்ப ஸ்ட்ராங்குங்க. மெதுவாத்தான் குடிக்கோணும்" என்றார். மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் கோயம்புத்தூர். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, சுகரு ஏறிக்கினு கீதுன்னு டாக்டரு சொன்னாரே, மறந்துபோச்சா?" மாப்பிள்ளை இருப்பதால்தான் அவள் வாயிலும் இந்த 'ங்க'. அவர் பஸ் ஏறியதும் அதுவும் கூடவே ஏறிப் போய்விடும்.

மருந்துக் குப்பியின் மூடியைவிடக் கொஞ்சம் பெரிய டம்ளரில் எனக்கு ஊற்ற அனுமதி கிடைத்தது. மாப்பிள்ளை செல்போனைத் தயாராக வைத்துக்கொண்டார். உலகத்தில் யார் என்ன பீர் குடித்தாலும் அதற்கு நட்சத்திரம் போடுவதற்கென்றே ஒரு ஆப் இருக்கிறதாம். "முதல்ல மூக்குக்கு என்ன வருதுன்னு சொல்லுங்க மாமா, நான் டைப் பண்ணிக்கறேன்."

டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். எனக்குப் பழைய சிநேகிதன் லூர்து வந்தான். அதை எப்படி டைப் பண்ணச் சொல்வது?

கல்யாணத்துக்கு முன்னால், ராயபுரத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதும் காய்கறி, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கும். பார்ப்பதற்கு, முட்டைகோஸ் மூட்டையோடு ஆடுகிற ஏணியில் ஏறுகிற ஒல்லிப்பிச்சான்தான் நான். இங்கிலீஷ் எனக்குச் சுமாராக வரும். கோபம் வந்தால் மட்டும் சரளமாக வரும்.

ஒருமுறை பெல்ஜியம் நாட்டுக் கப்பல் ஒன்று வந்தது. சமையல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பொறுப்பான அதன் ஸ்டூவர்டு, வாசற்கதவு அகலத்துக்கு ஒரு ஆள். வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றார். பல்வலி. அவரை ஆட்டோவில் ஏற்றி, தெரிந்த பல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் இடுக்கியை எடுத்ததும் அந்த மலை மனிதர் என் கையைப் பிடித்தார் பாருங்கள், பிடுங்கியது அவர் பல்லைத்தான் என்றாலும் கத்தியது நான்தான். டாக்டரே ஒரு கணம் குழம்பிப்போனார்.

மறுநாள் நன்றிக்கடனாக ஸ்டூவர்டு ஒரு புட்டி கொடுத்தார். அவர் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்துவ மடத்தில் சாமியார்களே காய்ச்சுகிற ஏல் என்றார். ஐஸில் வைக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, வெறும் வயிற்றில் கூடவே கூடாது. கடைசியாக ஒரு நிபந்தனை: கப்பல் கிளம்புவதற்குள் வந்து, அதில் என்னென்ன ருசி தெரிந்தது, பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல்ல வேண்டும். புட்டியைத் துறைமுக கேட்டைத் தாண்டி எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்காதீர்கள். அழுகிவிட்டதென்று திருப்பி அனுப்பிய முட்டைகோஸ் மூட்டைக்கு வாயா இருக்கிறது?

புட்டி கைக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அதற்கு நீங்கள் பிரியாணிக் கதையைக் கேட்டாக வேண்டும்.

லூர்துவும் கபூரும் என் சிநேகிதர்கள். லூர்து கிரேன் ஓட்டுவான், ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. பேச ஆரம்பித்தால் கிரேனுக்காவது பிரேக் உண்டு. கபூர் வண்ணாரப்பேட்டை; கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலை. ஐந்து வேளையும் தொழுகிறவன், பீடிகூடத் தொட்டதில்லை. மூன்று பேரும் ஒரே டீக்கடையில் வளர்ந்தவர்கள். கபூரின் கல்யாணத்துக்கு லூர்து டபுள் ஷிப்டு முடித்துவிட்டு, பசியோடு கடைசிப் பந்தியில் வந்து உட்கார்ந்தான். தட்டில் பிரியாணிச் சோறு மட்டும் வந்தது, கறித்துண்டு இல்லை. தட்டைத் தூக்கிப் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னா பாய், இன்னிக்கி ஆட்டுக்கு லீவா?" என்றான். பெண் வீட்டார் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கபூரின் மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து கபூர் அவனோடு பேசவில்லை. லூர்துவும் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. டீக்கடையில் எனக்கு வலப்பக்கம் ஒருவன், இடப்பக்கம் ஒருவன். "சக்கரைய இப்புடி தள்ளச் சொல்லுபா" என்பான் ஒருவன், தன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பவனைப் பார்க்காமல். ஒரு வருஷத்துக்கு மேல் நான் இப்படித் தபால்காரனாக இருந்தேன். இதற்கிடையே லூர்துவுக்கு ஷார்ஜா துறைமுகத்தில் வேலை கிடைத்துவிட்டது. அந்த வாரக் கடைசியில் கிளம்புகிறான். கபூருக்கு அது தெரியாது. தெரிவிக்கக் கூடாதென்று எனக்கு லூர்துவின் கட்டளை. இவர்கள் இப்படியே பிரிந்தால் அப்படியே இருந்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

லூர்துவிடம், "கப்பல் பீரு கீது, வா" என்றேன். வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. கபூரிடம், "மார்க் போடணும். போதையில நாங்க தப்பா போட்டுடுவோம், குடிக்காத ஆளு ஒருத்தன் வேணும்" என்றேன். நீதிபதி உத்தியோகம் என்றதும் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

இப்போது என் வீடு இருக்கிற காலடிப்பேட்டைக்குக் கிழக்கே அப்போது நல்ல மணற்கரை இருந்தது. வெயில் தாழ்ந்த நேரம். கவிழ்த்துப்போட்ட ஒரு படகின் நிழலில் நான் நடுவில், ஆளுக்கொரு பக்கம் அவர்கள். டீக்கடையில் இரவல் வாங்கிய எவர்சில்வர் டம்ளர், கடித்துக்கொள்ள வறுத்த நெத்திலி. கம்பியை அவிழ்த்ததுதான் தாமதம், கார்க் துப்பாக்கிக் குண்டுபோலப் பறந்தது. கபூர் "யா அல்லா" என்று தலையைக் குனிந்தான். பொங்கிய நுரை என் சட்டையில் பாதி, மணலில் பாதி.

லூர்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இன்னாடா இது, இருமல் மருந்து கணக்கா கீது? மூணு மார்க்கு."

"இது மடத்துல சாமியாருங்க காய்ச்சினது" என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக்குறி போட்டு, மறுபடி குடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். "ஒம்போது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. முதல் வாயில் கசப்பு, இரண்டாவதில் புளித்த பழரசம், மூன்றாவது வாயில் பனைவெல்லப் பாகு. அது மெதுவாகத்தான் பழகும், மாமியார் வீடு மாதிரி. நான் ஆறு போட்டேன்.

கபூர் டம்ளர் பக்கமே திரும்பவில்லை. மணலில் கிடந்த கார்க்கை எடுத்துத் தட்டி, மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து முகர்ந்தான். "பேரீச்சம்பழம். லவங்கம். எங்க அத்தா கடையில நோம்புக்கு டின்னு ஒடைக்கச்சொல்லோ இதே வாசனதான் வரும்" என்றான். பிறகு முணுமுணுத்தான்: "நல்ல பழத்த இப்புடி நாசம் பண்ணிக்கினு கீறாங்க. அந்த சாமியாருங்களுக்கு வேற வேல இல்லியா?"

"எங்க சாமியாருங்கள பத்தி நீ பேசாத பாய்!" என்று லூர்து என்னைத் தாண்டி எகிறினான்.

"நீ எங்க மாமனார் வூட்டு சோத்த பத்தி பேசல?"

பேசிவிட்டார்கள்! என் தபால்காரன் வேலை போயிற்று. நெத்திலியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அதன்பிறகு ஒரு வருஷப் பாக்கியும் கொட்டியது. பெண் வீட்டார் முன்னால் தன் மானம் போனதைக் கபூர் சொன்னான். மாமனார் அன்று கடன்பட்டுத்தான் அந்தப் பந்தியைப் போட்டார் என்றும், கடைசிப் பந்தியில் அவருக்குமே கறி இல்லை என்றும் சொன்னான். லூர்து அதுவரை அதைக் கேள்விப்பட்டதில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"பசிடா. ரெண்டு ஷிப்டு பசி. உன் கல்யாணம்னுதான் ஓடியாந்தேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றான். அந்தச் சாமியார்களின் சரக்குதான் அவன் நாக்கைத் தளர்த்தியிருக்க வேண்டும். "தப்புதான் பாய்" என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, "சனிக்கெழம நான் ஷார்ஜா போறேன்" என்றான்.

கபூர் கார்க்கைக் கையில் உருட்டிக்கொண்டு கடலைப் பார்த்தான். "எத்தினி மணிக்கு ஃப்ளைட்டு?" என்றான்.

மறுநாள் ஸ்டூவர்டிடம் போய் என் இங்கிலீஷில் அறிக்கை வாசித்தேன். பேரீச்சை, லவங்கம், வெல்லம். ஒருவன் ஆறு. ஒருவன் முதலில் மூன்று, சாமியார் என்று தெரிந்தபின் ஒன்பது. குடிக்காதவன், வாசனைக்கு எட்டு, செய்த காரியத்துக்குப் பூஜ்யம். கன்னத்து வீக்கம் வடியாத அந்த மனிதர், வலிக்க வலிக்கச் சிரித்தார். மடத்துக்கு இதை அப்படியே எழுதிப் போடுவேன் என்றார். போட்டாரா, தெரியாது.

சனிக்கிழமை விமான நிலையத்துக்குக் கபூர் ஒரு தூக்குவாளியோடு வந்தான். லூர்து திறந்து பார்த்தான். கறித்துண்டுகளுக்கு நடுவில் சோற்றைத் தேட வேண்டியிருந்தது. "மாமனாரு குடுத்தனுப்பிச்சாரு" என்றான் கபூர்.

ஷார்ஜாவிலேயே லூர்துவுக்குப் பாதி ஆயுள் போயிற்று. இப்போது எண்ணூரில் மகன் வீட்டோடு இருக்கிறான். கபூர் ஆம்பூரில் மகளோடு. இருவரும் போனில் தினமும் சண்டை போடுகிறார்கள். தீர்ப்புக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை, "அப்போ எத்தனை ஸ்டாருங்க மாமா?" என்றார். நல்ல பிள்ளை, காரியத்தில் கண். ஐந்தில் நாலு போடச் சொன்னேன்.

சாயங்காலம் அவரை அழைத்துக்கொண்டு கிழக்கே நடந்தேன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன. அவற்றின் இடுக்கில் புகுந்துதான் சாலையைக் கடக்க முடிந்தது. அந்தக் காலத்தில் சரக்கு இறக்கி முடிக்க ஒரு கப்பல் வாரக்கணக்கில் நிற்கும். மாலுமிகள் அரைக்கால் சட்டையோடு ராயபுரம் கடைத்தெருவில் திரிவார்கள், இளநீருக்குப் பேரம் பேசுவார்கள், நம் பெயர் கேட்டுத் தப்பாகச் சொல்வார்கள். இப்போது கப்பல்கள் பெட்டியை இறக்கிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே தெரிவதில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் மணல் இல்லை. கொட்டிவைத்த கருங்கல், அதன்மேல் வந்து அறைகிற தண்ணீர். வீடுகளையே வரிசை வரிசையாக எடுத்துக்கொண்ட கடல், மூன்று பேர் உட்கார்ந்த மணலையா விட்டுவைக்கும்?

"நீங்க உக்காந்த இடம் எதுங்க மாமா?" என்றார் மாப்பிள்ளை.

அலைக்கு அந்தப் பக்கம், ஒரு கட்டுமரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினேன்.