பூங்கொடியின் மூக்கு

என் தம்பி காத்தமுத்து வாயைத் திறந்தால் திருவேட்டக்குடியில் மழை வரும் என்று வீட்டில் கேலி செய்வோம். கடலிலிருந்து வருவான், குளிப்பான், போட்டதைச் சாப்பிடுவான், எழுந்து போவான். நல்லா இருக்கு, நல்லா இல்லை, ஒன்றும் கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துத் திடீரென்று பேச்சு வந்தது. வாசலில் கால் வைக்கும்போதே, "தாளிப்பு வாசனை தெருமுனை வரைக்கும் வருதே" என்பான். இன்னொரு நாள், "வெந்தயம் கருகிடுச்சு போல" என்பான். அவன் பெண்டாட்டி பூங்கொடி கரண்டியோடு அடுப்புக்கு ஓடுவாள்.

அதோடு விட்டானா? எங்கள் ஊரில் மீன் கரைக்கு வந்ததும் ஆண்கள் வேலை முடிந்தது. ஏலத்தில் எடுப்பது, ஐஸ் போடுவது, அன்னக்கூடையில் அடுக்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது எல்லாம் பெண்கள் பாடு. அந்தக் கூடையை எந்த ஆம்பளையும் தொடமாட்டான். இவன் மட்டும் பூங்கொடியின் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தை அதற்குள் கவிழ்த்தபடி, தினமும் பஸ் நிறுத்தம் வரை சுமந்து போவான். டீக்கடையில் சிரிப்பார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காக இருக்கிற அவன் அக்கா எனக்கு மானம் போகும். "ஏண்டா இப்படி வழியிற?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். வயசாக ஆக இளகிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்கொடி பதினைந்து வருஷமாக அம்பகரத்தூரில் மீன் விற்கிறாள். அங்கே வயல்காரக் குடும்பங்கள் அவள் மீனைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கும். எங்கள் தெருவில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் குழம்புக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் டிவியில் சமையல் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அவள் மீன் குழம்பு வைப்பதை போனில் எடுத்து அனுப்பியது நான்தான். கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று நாள் மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். நாலாம் நாள், "சரி, போறேன் அண்ணி" என்றாள். காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

சென்னையில் பெரிய ஸ்டுடியோ. வெள்ளைக் கோட்டுப் போட்ட மூன்று செஃப்கள் நடுவர்கள். முதல் இரண்டு சுற்றிலும் பூங்கொடி தேறிவிட்டாள். தாடி வைத்த பெரிய செஃப் அவளுடைய வாளைமீன் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். மூன்றாவது சுற்றையும் தாண்டினால் கடைசிப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. அதைப் பார்க்க வீட்டாரையும் அழைத்திருந்தார்கள் என்பதால் காத்தமுத்துவும் வந்திருந்தான்.

அன்று காலை சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து, இந்தச் சுற்றில் கண்ணைக் கட்டிவிடுவோம், ருசித்தும் முகர்ந்தும் பொருளைச் சொல்ல வேண்டும் என்றாள். பூங்கொடி கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். காத்தமுத்து கை கழுவப் போயிருந்தான்.

"அண்ணி, எனக்கு வாசனை தெரியாது."

"என்னாது?"

"நாலு வருஷம் ஆவுது. எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுல்ல, அதோட போச்சு. உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியுது. வாசனை மட்டும் சுத்தமா இல்ல. மல்லிப்பூவும் மண்ணும் எனக்கு ஒண்ணுதான்."

"அடிப்பாவி! அப்ப மீன எப்படிப் பாத்து எடுக்குற?"

"செவுள பாப்பேன், கண்ண பாப்பேன், அமுக்கிப் பாப்பேன். இதுவரைக்கும் ஒரு கெட்ட மீன் போனதில்ல."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அம்பகரத்தூர்ல எவ எங்கிட்ட மீன் வாங்குவா? நாத்தம் தெரியாத மீன்காரிகிட்ட நீங்க வாங்குவீங்களா அண்ணி?"

அப்புறம் எதற்கடி இங்கே வந்தாய் என்று கோபமாகத்தான் கேட்டேன். "நீங்கள்லாம் பிரியத்துல நல்லா இருக்குன்னு சொல்லலாம்ல? எனக்கு இன்னும் சமைக்கத் தெரியுமான்னு, என்னத் தெரியாதவங்க சொல்லட்டுமேன்னு வந்தேன்" என்றாள். உடம்பு சரியில்லை என்று சொல்லி ஊருக்குப் போய்விடலாம் என்றேன். பாதியில் போனால் ஏன் என்று கேட்பார்கள், எப்படியாவது சமாளிக்கிறேன் என்று எழுந்துவிட்டாள்.

மேலே வீட்டாருக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் நானும் காத்தமுத்துவும் உட்கார்ந்தோம். யாரும் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பூங்கொடியின் கண்ணைக் கட்டி, கையைப் பின்னால் வைக்கச் சொல்லி, வேகவைத்த ஐந்து வகை மீனை ஸ்பூனில் ஊட்டினார்கள். ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து நசுக்கினாள். "இது கெழங்கான், பூவா உதிருது. இது கவள, முள்ளு மயிரு மாதிரி. இது சங்கரா." ஐந்தும் சரி. கைதட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆனது. பிழைத்தாள் என்று நான் மூச்சு விட்டேன்.

அடுத்தது முகர்கிற பாகம். ஆளுக்கு ஒரு கிண்ணம். பக்கத்திலிருந்த பையன் ஏலக்காய் என்று பட்டென்று சொன்னான். பூங்கொடியின் மூக்கடியில் பெரிய செஃப் ஒரு கிண்ணத்தைப் பிடித்தார். வாசனை மேலே எங்களுக்கே வந்துவிட்டது. பிறந்த பிள்ளை கூடச் சொல்லிவிடும். அவள் மட்டும் அப்படியே நின்றாள்.

அப்போது என் பக்கத்திலிருந்து, வீட்டு வாசலில் வந்து நின்று சொல்கிற அதே குரலில், "பெருங்காயம் தூக்கலா இருக்கு போலயே" என்று கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். ஆனால் அவனே திகைத்துப் போய்த்தான் உட்கார்ந்திருந்தான். நாலு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பூங்கொடி கண் கட்டை இழுத்துக் கழற்றினாள். செஃப்களைப் பார்க்கவில்லை. மேலே அவனைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு திரும்பி, "எனக்கு வாசனை தெரியாதுங்க. நாலு வருஷமா" என்றாள்.

கேமராக்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பெரிய செஃப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப அந்த வாளைக் குழம்பு?"

"கண்ணும் காதும்தாங்க வச்சுது. எண்ணெ போடுற சத்தத்த வச்சே சொல்லுவேன்."

"அம்மா, நான் இரண்டாவது தடவை ஊத்திக்கிட்டது மரியாதைக்கு இல்ல. நல்லா இருந்துச்சு." ஆனாலும் விதி விதிதான் என்று சொல்லி, கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் கடலூரைத் தாண்டியது. பூங்கொடி அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "எப்பலேருந்து தெரியும்?"

"காச்சல் விட்ட மறுநாளு. பால் அடிப்பிடிச்சு வீடே கருகல் நாத்தம். நீ அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்த."

"அப்ப தெனம் கூடையத் தூக்கிட்டு வந்தது?"

"மோந்து பாக்கத்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லலியே."

பூங்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். தம்பியைப் போய் வழிகிறான் என்று திட்டினேனே என்று எனக்கும் வெட்கமாகப் போயிற்று.

சனிக்கிழமை அது டிவியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கொடி கூடையை அடுக்கிவிட்டு, போகவா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாள். காத்தமுத்து வந்தான், கூடையைத் தூக்கினான், நடந்தான். பஸ் நிறுத்தத்தில் இறக்கிவைக்கவில்லை. பஸ்ஸிலேயே ஏறிவிட்டான். எனக்கும் லீவுதான், நானும் ஏறினேன். காரைக்காலில் பஸ் மாறி அம்பகரத்தூரில் இறங்கினோம்.

முதல் வீடு பவுனம்மாள் வீடு. தட்டோடு வாசலில் நின்றார். முகம் சரியில்லை. "டிவில பாத்தேன். நாலு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே நீ. உன்ன நம்பி எப்படி வாங்குறது?"

பூங்கொடி தலை குனிந்துவிட்டாள். காத்தமுத்து கூடையை இறக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக எடுத்து முகர்ந்து அவர் தட்டில் வைத்தான். ஒன்றை மட்டும் தனியே ஒதுக்கினான். "இது வேண்டாங்க."

"இது யாருடி?" என்றார் பவுனம்மாள்.

பூங்கொடி நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தாள். "நாலு வருஷமா என் மூக்கு இவரு மூஞ்சிலதாம்மா இருக்கு."

பவுனம்மாள் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னும் பெரிய தட்டாக எடுத்துவந்தார்.