பஸ்ஸுக்குள் மட்டும் இருந்த பெயர்

அம்மாவின் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கினால் சோதனைச் சாவடி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மணல் மூட்டைகள் தென்படுவதற்கு வெகு முன்னாலேயே, பாலாவியிலிருந்து சிலாபம் போகும் பஸ்ஸின் டீசல் மணத்துக்குள், வெங்காயமும் சவர்க்காரமும் கலந்து மணக்கும் அந்த ஈரக் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும். அதற்குப் பிறகு நான் யாழினி இல்லை. "நில்மினி, மெஹே என்ன" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி அம்மா என்னைக் கூப்பிடுவார். சிங்களத்தில் இங்கே வா என்று அர்த்தம். நானோ அவர் மடியோடு ஒட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

அதற்கு நான் வைத்திருந்த பெயர் "பஸ் பேர்". பஸ்ஸில் ஏறும்போது மாட்டிக்கொள்வதும் இறங்கியதும் கழற்றிவிடுவதுமாக அது எனக்குச் செருப்பைப் போலப் பழகிவிட்டது. அம்மா சிலாபத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பெண். அப்பா சண்டைக் காலத்தில் தன் அண்ணனோடு வன்னியிலிருந்து பாலாவிக்கு வந்து, லொறி திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை தேடிக்கொண்டவர். வீட்டில் அம்மாவோடு சிங்களமும் அப்பாவோடு தமிழும் பேசி, கோபம் வந்தால் இரண்டையும் கலந்து கத்துவது எங்கள் வழக்கம். எனக்கு யாழினி என்று பெயர் வைத்தவர் அப்பா. அந்தப் பெயரை அம்மா வீட்டுக்குள் ஆசையாகவே கூப்பிட்டார். வாசலைத் தாண்டினால்தான் அந்தத் தமிழ்ப் பெயர் அவருக்குப் பயம்.

சண்டை முடிந்த அடுத்த வருடம் தங்கச்சி பிறந்தாள். அவளைத் துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பெயர்ப் பிரச்சினையும் கூடவே வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு வதனி என்று ஒரேயொரு தங்கை இருந்தார். வன்னியிலேயே தங்கிவிட்ட அந்த அத்தை, சண்டையின் கடைசி மாதங்களில் செத்துப்போனதாக வேறொருவர் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உடலும் கிடைக்கவில்லை, அடக்கமும் நடக்கவில்லை. "அவளின்ட பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றார் அப்பா. அதிகம் கதைக்காத மனிதர் அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்ததை நான் கேட்டேன். அம்மா அழுதார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. சிங்களத்தில் அம்மா சொன்னது இதுதான்: "ஒரு பிள்ளையின் பெயரை இத்தனை வருடம் ஒளித்துக் களைத்துவிட்டேன். இவளுக்கு ஒளிக்கத் தேவையில்லாத பெயராக வைப்போம். நில்மினி."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னுடையதைக் கொடுக்கிறார்களே என்ற ஆத்திரம் ஒருபக்கம். அதைவிட மோசமான இன்னொரு எண்ணமும் வந்தது. அம்மா பஸ்ஸில் அத்தனை ஆசையாகக் கூப்பிட்ட அந்த நில்மினி நானில்லை, அது வேறொரு பிள்ளை, அவள் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. அடுத்த நாள் அம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேவிட்டேன்.

"என்ட பேரை ஏன் இவளுக்குக் குடுக்கிறீங்க?"

"உனக்கு இனி அது தேவையில்லத்தானே மகள். சண்டை முடிஞ்சுது" என்றார் அம்மா தமிழில்.

"எனக்குத் தேவையில்லையெண்டா இவளுக்கு மட்டும் ஏன்?"

 அம்மா பிள்ளையை மறுபக்கத் தோளுக்கு மாற்றி முதுகைத் தட்டத் தொடங்கினார். பிள்ளை ஏப்பம் விட்ட பிறகும் வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா வீட்டாரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படும்வரை பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண்பட்டுவிடும். அதுவரை எல்லோரும் "சூட்டி" என்றே கூப்பிட்டார்கள். இரண்டு மொழிக்காரரும் குட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சொல் அது, யாருக்கும் அதில் சண்டையில்லை. பெயரைச் சொல்லக்கூடாது என்றானதும் பெயரைப் பற்றிய பேச்சும் நின்றது. பேச்சு நின்றதை மற்றவர் இறங்கி வந்துவிட்டதன் அடையாளமாக அப்பாவும் எடுத்துக்கொண்டார், அம்மாவும் எடுத்துக்கொண்டார். வழக்கப்படி தலைதொட்டப்பாவாக, அதாவது ஞானத்தந்தையாக, நிற்கவிருந்த பெரியப்பாவின் காதில் அப்பா ஒரு பெயரைச் சொன்னார். தலைதொட்டம்மாவாக நிற்கவிருந்த தன் தங்கையின், எங்கள் புஞ்சியம்மாவின், காதில் அம்மா இன்னொரு பெயரைச் சொன்னார். வீடு அமைதியாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சும்மா சும்மா கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "இந்தப் பிள்ளைக்குக் காலில சக்கரமோ" என்று பெரியப்பா பகிடி பண்ணினார். உப்பு லொறி ஓட்டுகிற அவருக்கு எதைப் பார்த்தாலும் சக்கரம்தான் ஞாபகம் வரும்.

ஞானஸ்நானம் அம்மாவின் ஊர்க் கோயிலில் நடந்தது. அங்கிருந்த பாதர் இரண்டு மொழியும் தெரிந்தவர், இரு பக்கத்துச் சனமும் வந்திருக்கிறதே என்று எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னார். "பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?" என்று தமிழில் கேட்டபோது பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி "வதனி" என்றார். பாதர் அதையே சிங்களத்தில் கேட்டார். பெரியப்பாவின் தமிழ்ப் பதில் காதில் ஏறாத புஞ்சியம்மா, தன் முறை வந்ததென்று நினைத்து, அதைவிடச் சத்தமாக "நில்மினி" என்றார்.

தண்ணீர் அள்ளிய சிப்பியோடு பாதரின் கை அந்தரத்தில் நின்றது. "பிள்ளை ஒண்டுதானே?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தார். பெரியப்பாவும் புஞ்சியம்மாவும் மாறிமாறி முழித்தார்கள். பாதர் நல்ல மனிதர், வழியும் அவரே சொன்னார். "ரெண்டையும் வைக்கலாம். எத்தினையோ பேர் வைக்கினம்."

அப்பா தலையாட்டத் தொடங்கிவிட்டார். அப்போது அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டத்தில் எத்தனையோ பேர் நின்றும் என்னைத்தான் பார்த்தார்.

"வேணாம் பாதர்" என்றார் தமிழில். "ரெண்டு பேரோட ஒரு பிள்ளை வளர்ந்தது போதும். வதனி."

தண்ணீர் பட்டதும் சூட்டி வீரிட்டு அழுதாள். அப்பா முகத்தைத் துடைக்கிற சாட்டில் லேஞ்சியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பா மட்டும் ஏதோ தானே வென்றுவிட்ட மாதிரி எல்லோருக்கும் கை கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, பெயர் என்னவென்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் கை என் மணிக்கட்டைத் தேடி வந்தது. அது நனைந்திருந்தது. "வதனி" என்றார் அம்மா. அந்தப் பெண் ஒரு கணம் அம்மாவையும் பிள்ளையையும் பார்த்தார், பிறகு "ஹரி லஸ்ஸனய்" என்றார், மிக அழகு என்று. அம்மா மூச்சு விட்டது எனக்கே கேட்டது. "பெரியவள் பெயர் என்ன?" என்று அந்தப் பெண் அடுத்துக் கேட்க, அம்மா யோசிக்காமல், பழக்கத்தில், "நில்மினி" என்றார்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னுடையது என்னிடமே திரும்பி வந்துவிட்டது. அது பயத்தில் பிறந்த பெயர் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது அந்தச் சாவடி இல்லை. அது நின்ற இடத்தில் ஒருவர் செவ்விளநீர் குலைகளைத் தொங்கவிட்டு விற்கிறார். வதனி தன் பெயரை எந்த பஸ்ஸிலும் கூச்சமில்லாமல் உரத்துச் சொல்கிறாள். அதற்குப் பின்னால் ஒரு அத்தை இருப்பது அவளுக்குத் தெரியும், இன்னொரு பெயர் இருந்தது தெரியாது. அம்மா என்னை நில்மினி என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், ஞாபகம் வரவில்லை. அந்தப் பெயருக்கு ஞானஸ்நானமும் நடக்கவில்லை, ஒரு பிரியாவிடையும் நடக்கவில்லை.

போன மாதம் நாங்கள் மூவரும் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவுக்கு முன்னிருக்கை கிடைத்தது, நானும் தங்கச்சியும் பின்னால் இருந்தோம். பஸ் நகர்கிற நேரத்தில் படியில் நின்ற ஒரு தாய் உள்ளே ஓடிய தன் மகளைப் பார்த்து "நில்மினி!" என்று கத்தினாள். நான் திரும்பிவிட்டேன். முன்னிருக்கையில் அம்மாவும் திரும்பினார், ஆனால் அந்தத் தாயையோ அந்தச் சிறுமியையோ பார்க்கவில்லை. நேரே என்னைத்தான் பார்த்தார், நான் இருக்கிறேனா என்று.

"ஆரக்கா அது?" என்றாள் வதனி.

"தெரிஞ்ச பிள்ளை" என்றேன். அம்மா இன்னும் முன்னால் திரும்பவில்லை.