தம்பியின் இடது புருவம்

அவளுடைய தம்பிக்கு இடது புருவம் நடுவில் பிசகி நிற்கும். மூக்குப் பக்கத்துப் பாதி ஒரு படி கீழே, காதுப் பக்கத்துப் பாதி ஒரு படி மேலே. யாரைப் பார்த்தாலும் 'அப்படியா, நம்பலாமா?' என்று கேட்கிற முகம். நசுங்கிய காரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள், நிறுத்தி வைத்திருந்த வண்டியில் யாரோ இடித்துவிட்டதாகக் கதையை ஆரம்பிப்பார்கள். அந்தப் புருவத்தைப் பார்த்ததும் சுருதி இறங்கி, "இல்ல, நான்தான் கொஞ்சம் வேகமா வந்துட்டேன்" என்று உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

தொழிலுக்கு நல்ல புருவம்தான். ஆனால் அதைத் தைத்தவள் அவள். இன்றைக்கு மூக்கைச் சரிசெய்யவும் இமையைத் தூக்கவும் ஆட்கள் இரண்டு மாதம் காத்திருந்து அவளிடம் வருகிறார்கள். அவள் செய்ததிலேயே மோசமான வேலையோ, தம்பி முகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை ஒரு தடவை பிரித்து நேராக வைத்துத் தைத்துவிட வேண்டும். வேலையில் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாகத் தம்பி பிடிகொடுக்கவில்லை.

இருவரும் வளர்ந்தது அப்பாவின் டிங்கரிங் பட்டறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில். சுத்தியல் சத்தம் நின்றால்தான் அந்த வீட்டில் யாருக்கும் படிப்பு ஓடாது. அவள் உயிரியல் பாடத்தை வண்டிக் கதவில் சாய்ந்து படித்தாள். கையில் உப்புத்தாள் இருக்கும். ஒரு பாராவுக்குப் பத்துத் தேய்ப்பு. டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்தபோது அப்பா ஒரு மட்கார்டுக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே எடுக்காமலேயே, "அப்ப இனிமே எனக்கு யாரு தேய்ச்சுக் குடுப்பா?" என்றார். அப்புறம் அவர் வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை. அழுகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புருவம் கெட்டது அவளுடைய பயிற்சி வருஷத்தில். அவசரப் பிரிவில் அவளுக்கு மூன்றாவது நாள். பதினேழு வயசுத் தம்பி, அழுக்குத் துணியால் நெற்றியைப் பொத்திக்கொண்டு தனியாக வந்து நின்றான். ஜாக்கியின் கைப்பிடி எகிறி அடித்திருந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. தைக்கக் கிடைத்த முதல் காயம், அதுவும் சொந்தத் தம்பியுடையது. நசுங்கிய இடத்தில் பட்டி பூசுமுன் பழைய பெயிண்டைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். அவள் பிளேடை எடுத்துப் புருவத்தை வழவழவென்று மழித்துவிட்டாள். டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் புத்தி வந்திருக்காது.

பெரிய டாக்டர் அந்த நேரம் பார்த்துத்தான் வர வேண்டுமா? "யாரும்மா இது, புருவத்தைப் போய் மழிச்சது? எது எதோட சேரணும்னு இனிமே எதை வச்சுப் பாப்பே?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். முடியிருந்தால் கோடு தெரியும். மழித்தால் வெறும் தோல்தான். "சரி, ஆரம்பிச்சாச்சு. தைச்சு முடி" என்று கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றுவிட்டார். அவள் அழுதுகொண்டே மரத்துப்போகிற ஊசியைப் போட்டாள், அழுதுகொண்டே தைத்தாள். ஏழு தையல். தம்பி மரக்கட்டை மாதிரிப் படுத்திருந்தான்.

அதற்குப் பிறகு அவள் பாதை நேராகப் போகவில்லை. அறுவை சிகிச்சை மேற்படிப்புக்கு எழுதி இரண்டு தடவை கோட்டைவிட்டாள். பேருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும் ஓர் ஊரின் சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தாள், எலும்பு கட்டினாள், ஒரு தடவை தலைமையாசிரியர் காதிலிருந்து பென்சில் முனை எடுத்தாள். கண் பிரிவில் ஒரு வருஷம் இருந்தாள். மூன்றாவது தடவை இடம் கிடைத்து, படித்து முடித்து, தீக்காய வார்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஏழு வருஷம். ஓரிடத்துத் தோலை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுகிற வேலையில்தான் அவள் கை நிதானத்துக்கு வந்தது.

அந்த வார்டில் ஒரு பேக்கரிக்காரம்மா இருந்தாள். அடுப்பு வெடித்துக் கையும் கன்னமும் வெந்தவள். கை விரல்கள் மடங்க ஆரம்பித்து, வீட்டுக்குப் போகலாம் என்ற அன்றைக்கு, "டாக்டர், கேக்கவே கூச்சமா இருக்கு. இந்த உதட்டோரம் இழுத்துக்கிட்டிருக்கே, இதையும் கொஞ்சம் பாத்து விடுங்களேன்" என்றாள். உயிருக்கு ஆபத்தில்லை, சாப்பிடவும் தடையில்லை. ஆனாலும் செய்தாள். கட்டுப் பிரித்த அன்று அந்தம்மா கண்ணாடியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சீப்பு இருக்கா?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்கு நடந்துபோகையில் அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. இனி இதுதான் என்று முடிவு செய்தாள்.

கிளினிக் திறந்தபோது அப்பா சுற்றிப் பார்த்தார். வெள்ளைச் சுவர், பெரிய கண்ணாடி, விளக்குகள். "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா ஓடற வண்டிக்கு எதுக்கும்மா டிங்கரிங்?" என்றார். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போய், "உங்ககிட்ட வர்ற வண்டியெல்லாம் ஓடாமயா வருதுப்பா? ஓடிக்கிட்டுத்தானே வருது" என்றாள். அப்பா யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். அதிலிருந்து பட்டறைக்கு வருகிறவர்களில் காது பெரிதாக இருப்பவர்களுக்கெல்லாம் அவளுடைய கிளினிக்குக்கு வழி சொல்லத் தொடங்கினார். கெஞ்சிக் கேட்டபிறகுதான் நிறுத்தினார்.

தம்பி மட்டும் சிக்கவில்லை. பட்டறை அவன் கைக்கு வந்து, கல்யாணமாகி, ஒரு மகளும் பிறந்தாள். "வாடா, அரை மணி நேரம்தான்" என்பாள் அவள். "இந்தப் புருவம் இல்லேன்னா கஸ்டமருக்கு என்னை அடையாளமே தெரியாதுக்கா" என்பான். ஒருநாள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, "உன்கிட்ட வர்றவங்க எல்லாம் பயங்கரத் தைரியசாலிங்கக்கா" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று முதுகில் ஒன்று வைத்தாள். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி ஆறு வருஷம். பல் டாக்டரிடம் போகாமல் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டு வந்தான். பிடிவாதக்காரன் என்று வீட்டில் எல்லோரும் அவனைக் கைகழுவிவிட்டார்கள். தன் கைமேல் அவனுக்கு நம்பிக்கையில்லை என்று அவள் நினைத்தாள். அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம் தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பத்து வயசுக்காரி சைக்கிளோடு விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். குழந்தை சும்மாதான் இருந்தது. அப்பன்காரன்தான் வெளுத்துப் போயிருந்தான். நர்ஸ் குழந்தையைப் படுக்கவைத்தாள். அத்தைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவப் போனாள்.

பின்னால் தம்பி மகளிடம் குசுகுசுப்பது கேட்டது. "அத்தை ஒரு ஊசி போடும். அது சும்மா பேருக்குத்தான். தைக்கறப்ப வலிக்கும். பல்லைக் கடிச்சுக்கோ தங்கம், சத்தம் மட்டும் போட்டுடாதே. சத்தம் போட்டா அத்தைக்குக் கை நடுங்கும்."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. தம்பிக்கு அன்றைக்கு ஊசி போட்டாள், தைத்தாள். நடுவில் என்ன செய்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஊசி போட்ட கையோடு தைக்க ஆரம்பித்திருக்கிறாள். மருந்து பிடிக்கிறவரை காத்திருக்கவே இல்லை. புருவத்தைப் பார்த்துப் பார்த்து நொந்தவளுக்கு இருபத்திரண்டு வருஷத்தில் இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"டேய், அன்னிக்கு உனக்கு வலிச்சுதா?"

தம்பி தரையைப் பார்த்தான். "முதல் மூணு தையல் நல்லாவே தெரிஞ்சுது. அப்புறம் அவ்வளவா இல்லக்கா."

"ஏண்டா வாயத் தொறக்கல?"

"அந்தப் பெரிய டாக்டர் பின்னாடியே நின்னாரு. நீ வேற அழுதுக்கிட்டிருந்தே. நானும் கத்தினா உன்னை வேலையை விட்டே அனுப்பிடுவாருன்னு நெனச்சேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். மத்தவங்க தாங்கிக்கறாங்க, எனக்குத்தான் அந்தத் தைரியம் பத்தலன்னு."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, கையை மறுபடியும் முதலிலிருந்து கழுவினாள். பிறகு குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "இப்ப கடிகாரத்தைப் பாரு" என்று தம்பியிடம் சொன்னாள். ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே போனது. குழந்தை, சைக்கிள்மேல் தப்பில்லை, நாய்மேல்தான் தப்பு என்று சொல்ல ஆரம்பித்து, நான்கு தையல் முடிகிறவரை நாயை விடவில்லை. தம்பி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழக்கிழமை அவனே வந்தான். எண்ணெய்க் கறை போகக் கை தேய்த்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். படுத்ததும் மேஜையின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை அவள் அவன் புருவத்தில் ஒரு முடியைக்கூட மழிக்கவில்லை. கோடு எங்கே சேர வேண்டும் என்று பேனாவால் குறித்தாள், ஊசி போட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள். வேண்டியதைவிட இன்னும் ஐந்து நிமிஷம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பட்டறையில் வந்த புது வண்டியைப் பற்றித் தம்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கண் மூடியிருந்தது, கைப்பிடி தளரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எப்பக்கா ஆரம்பிப்பே? சொல்லிட்டு ஆரம்பி, மூச்சைப் புடிச்சுக்கணும்" என்றான்.

"பழசைப் பிரிச்சு, புதுசா மூணு தையல் போட்டாச்சுடா."

மேஜை ஓரத்திலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் போனது. அவள் துணியை எடுத்து ஒற்றினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. ஆனால் கை நடுங்கவில்லை.

"அப்ப அந்தப் பல்லை ஆறு வருஷம் முன்னாடியே புடுங்கியிருக்கலாமேக்கா" என்றான் தம்பி.

"பேசாம படு" என்று சொல்லிவிட்டு, நான்காவது தையலைப் போட்டாள்.